கட்டில் மேல் ரயில்

எங்கள் வீட்டுக் கூடத்தை ஒட்டிய அறையில் ஒரு தேக்குக் கட்டில் இருக்கிறது. விருந்தாளிகள் படுப்பதற்கென்று வாங்கியது. சில மாதங்களாக அதன்மேல் ரயில் படுத்திருக்கிறது. யார் வந்தாலும் தரையில்தான் பாய் விரித்துக் கொடுக்கிறேன். வந்தவர்களுக்கும் வெட்கமில்லை. காலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, "ரயில் எப்பங்க விடுவீங்க?" என்று என்னிடமே கேட்கிறார்கள். நான் என்ன ஸ்டேஷன் மாஸ்டரா?

இதை ஆரம்பித்து வைத்தவள் என் மகள். காரணம் என் கணவர்.

அவர் ரைஸ் மில்லில் மேற்பார்வை பார்த்தவர். மிஷின் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தி, வீட்டுக்கு வந்தாலும் அந்தத் தொண்டை இறங்காது. நானும் சளைத்தவள் இல்லை. கணக்கு டீச்சர். கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கிற குரல். ஃபேன் சுவிட்சை யார் அணைக்கவில்லை, வண்டிச் சாவியை யார் இடம் மாற்றியது, சாம்பாரில் ஏன் இவ்வளவு புளி என்று தினமும் ஏதாவது ஒன்று கிடைக்கும். காரைக்காலில் எங்கள் தலத்தெருப் பக்கம் எங்கள் சண்டை கேட்காத வீடு கிடையாது. அவர் ஒரு நாளும் என்னைக் கேவலமாகப் பேசியதில்லை, நானும் பேசியதில்லை. சாயங்கால டீயோடு எல்லாம் முடிந்துவிடும். ஆனாலும் பல வருஷம் நான் சனிக்கிழமை சனிக்கிழமை திருநள்ளாறு போய், இந்த மனுஷன் குரலைக் கொஞ்சம் இறக்கிக் கொடு சாமி என்றுதான் வேண்டிக்கொண்டேன்.

கொடுத்துவிட்டது. அதுதான் வினை.

ஒரு நாள் மில்லில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆம்புலன்ஸ், ஆஸ்பத்திரி, ஸ்டென்ட் என்று எல்லாம் ஆகி, நல்லபடியாக வீட்டுக்கு வந்தார். டாக்டர் நடக்கச் சொன்னார், எண்ணெயைக் குறைக்கச் சொன்னார், கொஞ்ச நாளைக்குப் படபடப்பு வேண்டாம் என்றார். முதல் இரண்டும் இவர் காதில் ஏறவில்லை. மூன்றாவதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். வேலையை விட்டார். ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து குரலே எழவில்லை. என்னை 'ம்மா' போட்டுக் கூப்பிட ஆரம்பித்தார்.

"சிரமம் இல்லன்னா கொஞ்சம் வெந்நீர் தர்றியாம்மா?"

கல்யாணம் ஆன நாளிலிருந்து என் சிரமத்தைப் பற்றி விசாரிக்காத மனுஷர். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு நாள் வேண்டுமென்றே ரசத்தில் உப்பு போடாமல் ஊற்றினேன். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். சரி, ஆரம்பிக்கப் போகிறார் என்று இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு நின்றேன். "நல்லா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு மிச்சத்தையும் குடித்தார். அடுப்படிக்குப் போய் அழுதேன். கோபத்தில்தான் அழுதேன்.

கடற்கரையில் நடக்கக் கூட்டிக்கொண்டு போனபோது ஒரு தடவை அவராகவே சொன்னார். "கத்துனா அது திரும்ப வந்துரும்னு பயமா இருக்கும்மா." அடுத்த செக்கப்பில் நான் டாக்டரிடம் நேராகவே கேட்டேன், இவர் கத்தலாமா கூடாதா என்று. அவர் சிரித்துவிட்டார். இதயம் நன்றாக இருக்கிறது, வழக்கமாக எப்படி இருப்பாரோ அப்படியே இருக்கலாம் என்றார். இவர் அதை நம்பவில்லை. வீட்டில் ஒரு பெரியவர் வாடகைக்கு வந்து குடியிருக்கிற மாதிரி, எதிலும் பட்டுக்கொள்ளாமல் ஓரமாக இருந்தார். சண்டை போட ஆளில்லாமல் நான் தனியாகக் கத்திக்கொண்டிருந்தேன். திருநள்ளாறுக்குப் போய், கொடுத்ததைத் திருப்பி எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டும் வந்தேன்.

அப்போதுதான் மகள் இந்த ரயிலைப் பிடித்தாள். அவள் இங்கேயே இன்ஜினியரிங் படிக்கிறாள். அப்பாவுக்குக் கைக்கு ஒரு வேலை வேண்டும், சும்மா விளையாட்டுக்குத்தான் என்று சொல்லி ஆன்லைனில் ஆர்டர் போட்டாள். விலாசத்தில் மாநிலம் புதுச்சேரி என்று இருந்ததால் பெட்டி நேராகப் பாண்டிச்சேரிக்குப் போய்விட்டது. அங்கிருந்து ஒரு பையன் போன் பண்ணி, தலத்தெரு எந்த பஸ் ஸ்டாப் என்று கேட்டான். காரைக்கால் என்றால் அவனுக்குப் புரியவில்லை. கடலூர், சிதம்பரம், சீர்காழி எல்லாம் தாண்டி நாங்கள் இருக்கிறோம், ஆனாலும் நாங்கள் புதுச்சேரிதான் என்று அவனுக்குப் பாடம் நடத்தினேன். அவன் பெட்டியை நாகப்பட்டினத்துக்குத் தள்ளிவிட்டான். கடைசியில் மகள் போய் வாங்கிக்கொண்டு வந்தாள்.

பெட்டியில் ஒரு பொம்மை இன்ஜின், சில ரயில் பெட்டிகள், வட்டமாகப் பூட்டுகிற தண்டவாளம், வேகத்தைக் கூட்டிக் குறைக்கத் திருகு வைத்த ஒரு கறுப்பு டப்பா, நடுவில் குகை வைத்த பிளாஸ்டிக் மலை, பனி மூடிய ஊசியிலை மரங்கள். தச்சுப் பட்டறையில் ஒரு பிளைவுட் பலகை வாங்கிக் கட்டில்மேல் போட்டு, அதில் தண்டவாளத்தைப் பூட்டினார்கள். வண்டி கால்வாசி தூரம் போய் நின்றது. எங்கள் ஊர் உப்புக் காற்றுக்குச் சைக்கிள் கம்பியே தாங்காது, இந்தப் பொடிக் கம்பி எங்கே தாங்கும்? மேலே மெல்லிசாக ஏதோ படிந்துவிடுகிறது. அதைத் துடைத்தால்தான் சக்கரத்துக்குக் கரண்ட் ஏறும்.

என் கணவர் ஜன்னலோர நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். பழைய பனியனைக் கிழித்து, விரலில் சுற்றி, தண்டவாளத்தை ஒரு முனையிலிருந்து துடைக்க ஆரம்பித்தார். மறுநாளும் துடைத்தார். அதற்கு மறுநாளும். நான் வாசற்படியில் நின்று பார்த்தேன். கை அசைகிறது, அவ்வளவு போதும் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு, போதாது என்று நினைத்தேன்.

இது தெரிந்ததும் பூவம் கிராமத்திலிருந்து என் நாத்தனாரும் அவர் வீட்டுக்காரரும் வண்டியேறி வந்துவிட்டார்கள். நாத்தனார் என் கணவருக்கு மூத்தவர். நான் அண்ணன் என்று கூப்பிடுகிற அவர் வீட்டுக்காரர் இன்னும் சொந்தமாக நடவு நட்டு அறுக்கிறவர். கட்டிலைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு அண்ணன் சொன்ன முதல் வார்த்தை, நம்ம பக்கம் மலையை எவன் கண்டான் என்பது. என் கணவர், "சரி அத்தான்" என்று மலையை எடுத்துக் கீழே வைத்தார். சாயங்காலம் மகள் வந்து, குகை இல்லாத ரயில் என்ன ரயில் என்றாள். "சரிம்மா" என்று மலையை எடுத்து மேலே வைத்தார். ஒரு வாரம் அந்த மலை ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. கிளிஞ்சல்மேட்டிலிருந்து கூடையில் மீன் கொண்டு வருகிற அம்மாள், ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, காரைக்கால்னு சொல்றீங்க, கடலைக் காணோமே என்றார். இவர் "சரிங்க" என்று பலகை ஓரத்தில் நீல பெயிண்ட் அடித்தார். ஊசியிலை மரங்களைப் பிடுங்கிவிட்டு நாத்தனார் ஈர்க்குச்சியில் தென்னை மரம் செய்து நட்டார். ஒவ்வொரு தென்னையும் இன்ஜினைவிடக் குட்டை. அதற்கும் சரி.

எனக்கு ஒவ்வொரு 'சரி'யும் சுருக்கென்று குத்தும். ரயிலுக்காக இல்லை. அது எக்கேடு கெட்டால் எனக்கென்ன. பழைய ஆளாக இருந்தால் முதல் மலைக்கே வீடு இரண்டுபட்டிருக்கும். எல்லோரும் போன பிறகு, "வாயைத் தொறந்து வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்களேன்" என்று கத்தினேன். "விடும்மா, ஆசைப்படுறாங்க" என்றார்.

எல்லாவற்றுக்கும் சிகரம் அந்த நாற்றங்கால்.

மகள் தண்டவாளத்துக்கு நடுவில் வயல் என்று பச்சைக் காகிதத்தை வெட்டி ஒட்டியிருந்தாள். அண்ணனுக்கு அது பொறுக்கவில்லை. நெல் விளைகிற பூமியில் காகிதத்தையா நடுவார்கள் என்று மனசு நொந்துபோய், அடுத்த தடவை வரும்போது ஒரு அலுமினியத் தட்டும், வயல் சேறும், முளைகட்டிய விதையும் கொண்டு வந்தார். கட்டில் மேல், பிளைவுட் மேல், கரண்ட் ஓடுகிற கம்பிக்கு நடுவில் நாற்று விட்டார். நான் வேண்டாம் அண்ணே என்று எத்தனையோ சொன்னேன். இது சம்பா பட்டம், நல்லா வரும்மா என்றார். நான் கேட்டது அதுவா?

நல்லாத்தான் வந்தது. தினமும் அதற்குத் தண்ணீர் தெளிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. தெளித்த தண்ணீர் தட்டோரமாகக் கசிந்து பலகையில் இறங்கியது. பலகை உப்பியது. உப்பிய இடத்தில் தண்டவாள இணைப்பு தூக்கிக்கொண்டது. வண்டி அங்கே வந்ததும் ஒரு எம்பு எம்பி, கடைசிப் பெட்டி போய்ச் சேற்றில் விழும். தட்டை எடுத்துவிடுங்கள் என்று அண்ணனிடம் சொன்னேன். பாவம், அவர் முகமே மாறிவிட்டது.

"வளர்ற பயிரை எப்படிம்மா பாதியில புடுங்குறது?"

என் கணவரைப் பார்த்தேன். அவர் என் பார்வையைக் கவனிக்காத மாதிரி, அட்டைத் துண்டை மடித்து மடித்துத் தண்டவாளத்துக்கு அடியில் முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் சரியானால் இன்னொரு பக்கம் சாயும். குனிந்து கண்ணை வைத்துப் பார்ப்பார், இன்னொரு அட்டையை மடிப்பார். நான் பள்ளிக்கூடம் போய்விட்டு வந்தாலும் அதே இடத்தில் குனிந்திருப்பார். நாற்று வளர்ந்து வளர்ந்து, வண்டி அந்தப் பக்கம் போனால் கண்ணுக்கே தெரியாத உயரத்துக்கு வந்துவிட்டது.

ஆனால் ஒரு நாள் டீ குடிக்கும்போது டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "முழு ரவுண்டு வந்துருச்சும்மா" என்றார். எங்கும் எம்பாமல், எங்கும் நிற்காமல் வந்ததாம். ஆயுத பூஜை அன்றைக்கு அக்கா, அத்தான் எல்லோரையும் வரச் சொல்லி விட்டுக் காட்டலாம் என்று இருப்பதாகச் சொன்னார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவராக ஒன்றைத் தீர்மானித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குச் சந்தோஷம். அதைக் காட்டிக்கொள்ளாமல், அன்றைக்காவது அந்த அறையைக் கூட்டிப் பெருக்க விடுவீர்களா என்று கேட்டு வைத்தேன்.

ஆயுத பூஜை என்றால் எங்கள் வீட்டில் எதற்கும் விதிவிலக்கு கிடையாது. வண்டி, தையல் மிஷின், மிக்ஸி, கிரைண்டர், மகளின் லேப்டாப், அரிவாள்மணை என்று எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தாக வேண்டும். மில்லில் இருந்த வருஷங்களில் என் கணவர் ஒவ்வொரு மிஷினுக்கும் நின்று பட்டை போட்டுவிட்டு வருவார். இந்த வருஷம் அவர் காலையிலேயே தண்டவாளத்தை மூன்றாம் முறையாகத் துடைத்துவிட்டுக் குளிக்கப் போனார். நான் அடுப்படியில் சுண்டலுக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். நாத்தனார் பட்டுப்புடவையில் வந்து இறங்கி, நீ அடுப்பைப் பாரு, பொட்டு வைக்கிற வேலையை நான் பார்க்கிறேன் என்று சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டார். நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன்.

பொரிகடலைத் தட்டோடு நான் அந்த அறைக்குள் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. இன்ஜின் நெற்றியில் பட்டை, நடுவில் குங்குமம். அதோடு விட்டாரா? ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு சந்தனப் பொட்டு. சக்கரம்தானே ஓடுகிறது, அதற்கு வைக்காமல் எப்படி? தண்டவாளத்திலும் ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு பொட்டு. புது வண்டி என்றால் எலுமிச்சம்பழத்தை நசுக்க வேண்டுமே. பழம் இன்ஜினைவிடப் பெரிதாக இருந்ததால் நாத்தனார் யோசித்து, அதை அறுத்து, சம்பிரதாயத்துக்குத் தண்டவாளத்தின்மேல் சுற்றிலும் பிழிந்துவிட்டிருந்தார். அதற்குமேல் உதிரிப்பூ. வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் மகள், அண்ணன் எல்லோரும் உள்ளே வந்துவிட்டார்கள். பின்னாலேயே என் கணவர் விபூதி பூசி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். வந்தவர் நேராகக் கறுப்பு டப்பாவிடம் போய்த் திருகைத் திருப்பினார்.

இன்ஜின் 'ர்ர்ர்' என்றது. ஒரு விரல்கடை நகர்ந்தது. நின்றுவிட்டது. லேசாகச் சந்தனம் கருகுகிற வாசனை வந்தது.

இன்னும் கொஞ்சம் திருப்பினார். ஒன்றுமில்லை. குனிந்து இன்ஜினை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பல்சக்கரம் பூராவும் சந்தனம் ஏறி அடைத்திருந்தது. தண்டவாளத்தை விரலால் தடவி முகர்ந்து பார்த்தார்.

"நாந்தான் தம்பி வச்சேன்" என்றார் நாத்தனார். "மனசாரக் கும்பிட்டுக்கிட்டு வச்சேன்."

என் கணவர் அக்காவைப் பார்த்தார். அவர் உதடு 'ச'வுக்குப் பிரிவதை நான் பார்த்தேன். இப்போதும் ஒரு 'சரிக்கா' வந்தால் கட்டிலோடு சேர்த்து எல்லாவற்றையும் தெருவில் தள்ளிவிடுவது என்று முடிவு பண்ணிவிட்டேன். தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் என் பக்கம் திரும்பினார்.

"ஏய், உனக்குக் கண்ணு இருக்கா இல்லையா? சந்தனத்தைக் கொண்டாந்து சக்கரத்துல அப்புற வரைக்கும் நீ என்னா பண்ணிக்கிட்டிருந்த?"

மில் குரல். எதிர் வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள்.

தப்பு பண்ணியது அவர் அக்கா. கைக்கெட்டும் தூரத்தில் கிண்ணத்தோடு நிற்கிறார். அவரை ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லை, திட்டு மட்டும் எனக்கு. எனக்கு உச்சி வரைக்கும் ஏறிவிட்டது. "நான் அடுப்படியில சுண்டல் தாளிச்சுக்கிட்டிருந்தேன். யாரு வச்சாங்களோ அவங்களைக் கேளுங்க" என்று நானும் அதே சத்தத்தில் கொடுத்தேன்.

அவர் நிறுத்தவில்லை. இத்தனை நாள் சரி சரி என்று விழுங்கியதெல்லாம் வெளியே வந்தது, எல்லாம் என் கணக்கில். மலையை எத்தனை தடவை ஏற்றி இறக்குவது என்று என்னைக் கேட்டார். தென்னை மரம் முழங்கால் உயரத்திலா வளரும் என்று என்னைக் கேட்டார். "ரயிலுக்கு நடுவுல எவனாச்சும் நாத்து விடுவானா?" என்று என்னைப் பார்த்துக் கத்தினபோது, அண்ணன் ஓசைப்படாமல் நாற்றுத் தட்டைத் தூக்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் போனார்.

பேசிக்கொண்டே இருந்தவர் சட்டென்று நெஞ்சில் கையை வைத்தார்.

மகள் ஓரடி முன்னால் வந்தாள். என் கையிலிருந்த தட்டு சரிந்து பொரியெல்லாம் கொட்டிவிட்டது. ஐயோ, நான்தானே எதிர்த்துக் கத்தினேன் என்று இருந்தது.

அவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு இன்ஜினை மறுபடி பார்த்தார். அப்போதுதான் நாங்கள் எல்லோரும் அவரையே பார்ப்பதைக் கவனித்தார். ஏன் என்று அவருக்கும் புரிந்தது. அப்படியே நின்றார். உள்ளே ஏதாவது கேட்கிறதா என்று காது கொடுப்பவர் போலக் கொஞ்ச நேரம் நின்றார். என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை.

"அந்தப் பழைய பல் தேய்க்கிற பிரஷ்ஷை எங்க வச்ச?" என்றார். குரல் முன்னைவிடக் கூடியிருந்தது. "வச்ச எடத்துல ஒரு சாமான் இருக்காது இந்த வீட்டுல."

பிரஷ் எடுக்கிற சாக்கில் அடுப்படிக்கு வந்துவிட்டேன். மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்ணிலிருந்து கொட்டுகிறது, எனக்குச் சிரிப்பும் வருகிறது. அந்த அறையில் அவர் இன்னும் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார், அநேகமாக என்னைத்தான்.

நாத்தனார் பின்னாலேயே ஓடி வந்தார். முகமெல்லாம் வெளிறிப் போயிருந்தது. சந்தனக் கையைப் புடவையில் துடைக்கக்கூடத் தோன்றாமல் என் தோளைப் பிடித்து, "தம்பி இப்படிக் கத்துறானே, போய் சமாதானப்படுத்தும்மா" என்றார்.

"இருங்கக்கா" என்றேன். "இன்னும் கொஞ்ச நேரம் கத்தட்டும்."